ஹார்பர் ரோட்டில் மூன்று கேமராக்கள்

எங்கள் கம்பெனியின் பிக்கப் வண்டி ஒன்று, விடிவதற்கு முன்னால், ஹார்பர் ரோட்டு ஓரம் நின்றுகொண்டிருந்த ஒரு டிரெய்லரின் பின்னால் போய் மோதியது. ஓட்டியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. முன்பற்கள் இரண்டு போயின. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரு கேமரா வாங்கும் வேலை வந்து சேர்ந்தது.

நான் அந்தக் கம்பெனிக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பாலிடெக்னிக்கில் பதினாறு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தேன். சேருகிற பிள்ளைகள் குறைந்து என் பிரிவையே மூடிவிட்டபோது, துறைமுகத்துக்குக் கண்டெய்னர்களையும் காற்றாலை இறக்கைகளையும் ஏற்றிப் போகும் இந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியில், வண்டிகளின் ஜிபிஎஸ், சென்சார் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வேலை மாறியதே தவிர அழைப்பு மாறவில்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். மளிகை மொத்த வியாபாரத்திலிருந்து லாரிக்கு வந்த குடும்பம். விபத்து நடந்த இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். காற்றாலைக் கம்பெனியின் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எங்கள் இறக்கைகளை ஏற்றும் நீங்கள் சாலைப் பாதுகாப்புக்கு என்ன தொழில்நுட்பம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"டீச்சர், இருட்டுல முன்னால என்ன நிக்குன்னு சொல்லுத கேமரா ஒண்ணு இருக்காமே. எம்புட்டுத் தூரத்துல நிக்குன்னும் சொல்லுமாம். நல்லதாப் பாத்து ஒண்ணு எடுங்க" என்றார்.

"டெப்த் கேமரா" என்றேன் நான்.

"அதேதான். வெளிநாட்டுக்காரன் கேட்டா காட்டுத மாதிரி இருக்கணும்."

பக்கத்தில் அவருடைய மைத்துனர் உட்கார்ந்திருந்தார். வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் மேனேஜர். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். "டிரைவர் கண்ணுல கோளாறு. அதுக்கு மெஷின் கண்ணு வைக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, கேமரா தேர்வுக் குழு என்று ஒன்றை அமைத்து, அதற்குத் தானே தலைவரானார். குழுவின் முதல் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. கேமரா கறுப்பாக இருந்தால் நல்லதா, வெள்ளையாக இருந்தால் நல்லதா என்று நாற்பது நிமிடம் பேசினோம். முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்கும் இடத்தைத் தவிர வேறு எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. வண்டி எந்த வேகத்தில் போகும், எத்தனை மீட்டருக்கு முன்னால் கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் நடக்கவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி இரண்டு கேமராக்களோடு வந்தார். இரவில் எப்படி வேலை செய்யும் என்று காட்டுவதற்காக மீட்டிங் அறையின் திரைகளை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்து, ஏசியைக் கூட்டினார். இரண்டாவது கேமராவைப் போட்டதும் திரையில் நாங்கள் எல்லாரும் நீலமும் சிவப்புமாகத் தெரிந்தோம். கிட்டத்தில் இருப்பது சிவப்பு, தள்ளி இருப்பது நீலம். நாற்காலி ஒன்றரை மீட்டர், தண்ணீர் பாட்டில் ஒரு மீட்டர் இருபது. மேனேஜரின் வயிறு எண்பத்தெட்டு சென்டிமீட்டரில் நல்ல சிவப்பாக இருந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

"மேடம், பாருங்க, ஜீரோ லைட்ல இவ்ளோ க்ளியரா இருக்கு" என்றார் பிரதிநிதி.

"ஹார்பர் ரோடு இந்த ரூமை விடக் கொஞ்சம் நீளம்" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரிக்கட்டும் என்று நான் சொல்லவில்லை.

வண்டியில் மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால் சோதனைக்கு ஒரு பிக்கப் கொடுத்தார்கள். ஓட்டுவதற்கு, மோதிய டிரைவரையே போட்டார் மேனேஜர். மூன்று மாதம் கழித்து அவர் அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். "இடிச்சவன்தான, இடிக்காம ஓட்டக் கத்துக்கிடட்டும்" என்றார்.

அந்த டிரைவர் புன்னைக்காயல்காரர். நாற்பது வயது இருக்கும். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு லைசென்ஸ் எடுத்து லாரிக்கு வந்தவர். பேசும்போது பல் போன இடத்தை மறைக்க மேல் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வார். கியர் மாற்றும்போதெல்லாம் முகம் லேசாகச் சுளிக்கும். வலிக்கிறதா என்று கேட்டால், "கியர் பாக்ஸ் கொஞ்சம் டைட்டு டீச்சர்" என்பார்.

முதல் கேமராவுக்கு நம்மைப் போல இரண்டு கண். இரண்டு லென்ஸிலும் விழும் படங்களை ஒப்பிட்டு, எது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும். பகலில் அருமையாகப் பார்த்தது. பொழுது சாய்ந்து உப்பளப் பக்கம் போனதும் அதற்குப் பைத்தியம் பிடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு ஏதாவது கோடு, கறை, ஓரம் வேண்டும். வெள்ளை வெளேரென்று குவித்திருந்த உப்பு அம்பாரத்தில் ஒரு கறையும் இல்லை. ஆகவே அங்கே ஒன்றும் இல்லை, வெட்டவெளி என்று சொல்லிவிட்டது. பாத்தித் தண்ணீரில் எதிர்ப்பக்கத் தெருவிளக்குகள் தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்து, சாலைக்குப் பக்கத்தில் ஏழு மீட்டர் பள்ளம் என்று கூவியது. முழு இருட்டு வந்ததும், ஹெட்லைட் வெளிச்சம் விழாத இடமெல்லாம் பொரிபொரியாக ஆடியது. சாலையோரத்தில் மேய்ந்த மாட்டைக் குதிரை என்றது. கிட்டத்தில் நின்றதால் தூரத்தை மட்டும் சரியாகச் சொன்னது.

"குதிரையோ மாடோ, பாத்துச்சுல்ல" என்றார் டிரைவர், பெருந்தன்மையாக.

இரண்டாவது கேமரா தானே வெளிச்சம் போடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் முன்னால் தெளித்து, அவை விழுந்த விதத்தைப் பார்த்துத் தூரம் சொல்லும். குழுவின் தீர்மானப்படி அதை எலுமிச்சம்பழத்துக்கு இடதுபுறம், கண்ணாடிக்கு உள்ளே மாட்டினோம். புள்ளிகளில் பாதி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பின. முன்னால் முப்பது சென்டிமீட்டரில் ஒரு பெரிய சுவர் இருக்கிறது, வண்டியை நிறுத்து என்று, ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அலறியது. கழற்றி வெளியே பம்பருக்கு மேலே மாட்டினேன். இப்போது பார்த்தது, ஆனால் ஐந்து மீட்டர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் புள்ளிகள் இருட்டில் கரைந்துபோயின.

பிரதிநிதியும் அன்று எங்களோடு வண்டியில் இருந்தார். "ஃபைவ் மீட்டர்ஸ் இஸ் வெரி குட் மேடம். இந்த கேட்டகரில இதுதான் பெஸ்ட்" என்றார்.

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினான்கு மீட்டர் ஓடும். ஐந்து மீட்டரைக் கடக்க அரை நொடி கூட வேண்டாம். தாளை டிரைவரிடம் காட்டினேன். அவர் ஒருமுறை பார்த்தார்.

"அஞ்சு மீட்டர்ல வந்து சொன்னா அது எச்சரிக்கை இல்ல டீச்சர். துஷ்டி சொல்லுத மாதிரி."

பிரதிநிதிக்குத் துஷ்டி என்றால் புரியவில்லை. சாவுச் செய்தி என்று விளக்கினேன். அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

குழு இரண்டாவது கேமராவையே வாங்கலாம் என்றது. மீட்டிங் அறையில் அதுதான் நன்றாக இருந்தது என்பது அவர்கள் கட்சி. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் இழுத்தடித்தேன். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், என்னிடம் படித்தவர், வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் தானியங்கி வண்டிகளைப் பராமரிக்கிறார். அவருக்கு போன் போட்டு இரண்டு கேமராக்களின் கதையையும் சொன்னேன்.

"டீச்சர், அந்த முதல் கேமராவுல ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நாலு விரக்கடை."

"அப்ப எப்படித் தூரத்துல உள்ளது தெரியும்? நீங்கதானே எங்களுக்கு முக்கோணம் போட்டுக் காட்டினீங்க, அடிப்பக்கம் சின்னதா இருந்தா தூரத்துக் கணக்குல பிழை ஏறிக்கிட்டே போகும்னு."

பாடம் நடத்தியது நான்தான். மறந்ததும் நான்தான். இரண்டு லென்ஸையும் ஒரு முழத்துக்கு மேல் தள்ளி வைத்திருக்கும் ஒரு மாடலைச் சொன்னார். அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பம்பரில் தனியாக இரண்டு விளக்கு மாட்ட வேண்டும். அவை புள்ளி தெளிக்காமல், ஹெட்லைட் போல நீளமாக அடிக்கும் என்றார். பிரதிநிதியிடம் கேட்டால், அதுவும் அவர்கள் கம்பெனியில் விற்கும் சரக்குதான். மீட்டிங் அறையில் வைத்துக் காட்ட முடியாது என்பதால் கொண்டுவரவில்லையாம்.

அந்த மூன்றாவது கேமராவைக் கூரையில் மாட்டி, ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு, டிரைவரும் நானும் கிளம்பினோம். நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். ஹார்பர் ரோட்டுக்குள் நுழைந்ததும் திரையில் ஒரு சிவப்புச் சதுரம் முளைத்தது. லாரி, அறுபத்திரண்டு மீட்டர். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். முப்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் இருட்டில் இருட்டாக ஒரு டிரெய்லரின் பின்பக்கம் உருவானது. பின்விளக்கு இல்லை, வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுப்பட்டை இல்லை, பின்னால் ஒரு கல் கூட வைக்கவில்லை. இன்னும் நெருங்கியதும் திரையில் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. பின்கதவில் எங்கள் கம்பெனி பெயர்.

அடுத்தது எங்களுடையது இல்லை. அதற்கடுத்தது எங்களுடையது. அதற்கும் அடுத்தது எங்களுடையது. கேமரா சளைக்காமல் ஒவ்வொன்றாகப் படமெடுத்தது. யார்டில் இடம் இல்லையென்றால் டிரெய்லரைக் கழற்றி ரோட்டு ஓரத்தில் விட்டுவிட்டு, முன்வண்டியை மட்டும் அடுத்த லோடுக்கு அனுப்புவது மேனேஜரின் வழக்கம். முன்வண்டி போனால் விளக்குக்குக் கரண்டும் போய்விடும்.

ஓரிடத்தில் டிரைவர் வண்டியை மிகவும் மெதுவாக விட்டார். ஒரு கை தானாகத் தோள்பட்டைக்குப் போனது.

"இங்கனதான்" என்றார்.

அந்த இடம் காலியாக இருந்தது.

"கடல்ல ராத்திரி வலை போட்டுட்டு நிப்போம் டீச்சர். என்ன பஞ்சத்துல இருந்தாலும் ஒரு லைட்டு இல்லாம எவனும் நிக்க மாட்டான். ஏன்னா வாரது நம்ம மச்சான் படகா இருந்தாலும் இடிச்சா முங்குததுதான். இங்கன ரோட்டுல யாருக்கும் அந்தப் பயம் இல்ல."

இரண்டு வாரம் கழித்து மீட்டிங் அறையில் என் அறிக்கையை வைத்தேன். அண்ணாச்சி, மேனேஜர், பிரதிநிதி, நான். கேமரா எவ்வளவு தூரம் பார்த்தது என்று காட்ட வேண்டுமானால் எதைப் பார்த்தது என்றும் காட்ட வேண்டும். ஒரே இரவில் விளக்கில்லாமல் நின்ற டிரெய்லர்கள் பதினொன்று. அதில் ஏழு எங்கள் பெயர் போட்டவை. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கேமரா உயர்ந்த ரகம் என்பதால் பின்கதவில் எழுதியிருந்த போன் நம்பர் கூடப் படிக்க முடிந்தது.

"டீச்சர், கேமரா வாங்கச் சொன்னா கம்பெனி மேலயே கேஸ் எழுதிக் கொண்டாந்திருக்கீய" என்றார் மேனேஜர். பிறகு பிரதிநிதியைப் பார்த்து, "நம்ம வண்டிய மட்டும் காட்டாத மாதிரி ஏதாச்சும் செட்டிங் இருக்கா?" என்று கேட்டார்.

"பாசிபிள் சார்" என்றார் பிரதிநிதி, ஒரு நிமிடம் கூட யோசிக்காமல். "உங்க லோகோவ ட்ரெய்ன் பண்ணிட்டா, அதைப் பார்த்தா இக்னோர் பண்ணிடும்."

"அப்படிச் செஞ்சா நம்ம வண்டி நேராப் போய் நம்ம வண்டி மேலயே இடிக்குமே" என்றேன்.

பிரதிநிதி யோசித்தார். "ஆமா மேடம், அந்த ஒரு லிமிடேஷன் இருக்கு" என்றார்.

அண்ணாச்சி இவ்வளவு நேரமும் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரைக் கூட்டிவரச் சொன்னார். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

"ஏலே, அன்னைக்கு நீ இடிச்சியே, அது யாரு வண்டி?"

"நம்ம வண்டிதான் அண்ணாச்சி."

விபத்து அறிக்கையில், நின்றுகொண்டிருந்த வாகனம் அடையாளம் தெரியவில்லை என்று மேனேஜர் எழுதியிருந்தார். பிக்கப் மோதினால் டிரெய்லருக்கு என்ன ஆகிவிடும்? பின்கம்பி ஒன்று வளைந்திருக்கும். அதை ஷெட்டில் நிமிர்த்திவிட்டார்கள்.

"ஏன்ல சொல்லல?"

"தூங்கினியா, குடிச்சிருந்தியா, போன்ல பேசினியான்னு தாள்ல கேட்டிருந்தாவ. எல்லாத்துக்கும் இல்லன்னு எழுதிக் குடுத்தேன் அண்ணாச்சி. எதுல இடிச்சன்னு அந்தத் தாள்ல கட்டமே இல்ல."

மேனேஜர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அண்ணாச்சி டிரைவரைப் போகச் சொன்னார். பிரதிநிதியைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் எழுந்து வந்துவிட்டேன். கதவு சாத்தியபிறகு உள்ளே மைத்துனரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. ஆனால் அந்தக் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டது.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எல்லா டிரெய்லரிலும் தனி பேட்டரி வைத்து நான்தான் ஜிபிஎஸ் மாட்டியிருந்தேன். விபத்து நடந்த தேதியைப் போட்டேன். ஹார்பர் ரோட்டில், அந்த இடத்தில், முந்தின இரவு பதினொரு மணியிலிருந்து ஒரு பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. எங்கள் டிரெய்லர். விடியற்காலையில் பிக்கப்பின் புள்ளி வேகமாக வந்து அதன்மேல் ஏறி நின்றது. அந்தப் பிக்கப் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்பது கூட இருந்தது. நாற்பத்தாறு. வேகமாக வந்தான் என்று எச்சரிக்கைக் கடிதத்தில் எழுதியிருந்ததே, அதற்கும் பதில் இதிலேயே இருந்தது. இத்தனை மாதமாக என் மேசையில், என் கைக்கு எட்டும் தூரத்தில். அறுபது மீட்டருக்கு அப்பால் பார்க்கும் கேமராவைத் தேடிக்கொண்டிருந்த நான் இதைத் திறந்து பார்க்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் தூங்கப் போகும் வரை கூட நிற்கவில்லை.

மறுநாள் காலை ஷெட்டில் டிரைவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் டயரைத் தட்டிக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நாப்பத்தாறுதானா?" என்று கேட்டார். "நான் அம்பதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் டீச்சர். எம்பொண்டாட்டிகிட்ட காட்டணும், ஒரு பேப்பர்ல எடுத்துத் தருவீயளா? அவ இன்னைக்கு வரைக்கும் நான் பறந்து வந்ததாத்தான் சொல்லுதா."

எடுத்துக் கொடுத்தேன். கம்பெனி முத்திரையும் வைத்தேன்.

எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற ஏற்பாடு ஏதும் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கடிதம் கொடுக்கப் படிவம் உண்டு, வாங்கப் படிவம் இல்லை. ஆகவே கேமரா சோதனையில் சிறப்பாக ஒத்துழைத்ததற்கு என்று ஒரு பாராட்டுக் கடிதம் தயாரானது. இரண்டு கடிதங்களும் ஒரே ஃபைலில், ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டிலும் மேனேஜர்தான் கையெழுத்து. அவர் இப்போது சாலைப் பாதுகாப்பு அதிகாரியும் கூட. அண்ணாச்சி கொடுத்த தண்டனை அது. பதவி உயர்வு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

டிரெய்லர்களுக்கெல்லாம் சிவப்பும் வெள்ளையுமான ஒட்டுப்பட்டை வந்தது. கழற்றி நிறுத்தினாலும் எரிகிற பேட்டரி விளக்கு வந்தது. நாலு நாளில் முடிந்த வேலை. கேமரா ஒன்றே ஒன்று வாங்கினோம். இறக்கை ஏற்றிய நீள வண்டிக்கு முன்னால் போகும் ஜீப்பில் அது இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்தபோது இருட்டியதும் அவர்களை ஜீப்பில் ஏற்றி ஹார்பர் ரோட்டைச் சுற்றிக் காட்டினோம். கேமரா ஒவ்வொரு டிரெய்லரையும் எழுபது மீட்டரிலேயே பிடித்தது. பட்டை மின்னியதில் வெறும் கண்ணுக்கு இருநூறு மீட்டரிலேயே தெரிந்துவிட்டது. அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் கேமராவைப் பாராட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். மேனேஜர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

அந்தக் கடிதம் வந்த வாரம், ஒரு நாள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் கிளம்பிக்கொண்டிருந்தேன். டிரைவர் கேட் அருகே கையைக் காட்டி நிறுத்தினார். புதுப் பல் கட்டியிருந்தார். சிரிப்பது தாராளமாக இருந்தது.

"டீச்சர், ஒங்க வண்டியில பின்னால லைட் எரியல."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். எரியவில்லை. எத்தனை நாளாக எரியவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கு எதிரே இருந்த மெக்கானிக் கடைவரை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பழைய பல்பைத் திருகி எடுத்து, புதியதைப் போட்டு, ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்துக் கடையில் நான் டீ சொல்லி அது கைக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.